மாமியார், மச்சான், சம்பந்தி

சலவைத்தூள் அலமாரியின் முன்னால் வெலிச்கா நின்றுவிட்டால் குறைந்தது இருபது நிமிடம். எந்தத் தூள் வாங்குவது என்ற குழப்பம் அவளுக்குக் கிடையாது. பதினைந்து வருடமாக ஒரே தூள்தான். பதினான்கு லெவா விலையுள்ள அந்தப் பொட்டலத்தை யாரிடம் கடன் சொல்லி வாங்குவது என்பதுதான் கேள்வி. கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருப்பாள். இன்னொரு கையில் சூரியகாந்தி விதைப் பொட்டலம். ஒரு விதையைப் பல்லில் உடைத்து, தோலைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இந்த வாரம் மாமியார வம்புக்கு இழுக்க வேண்டாம். மச்சான் போதும்" என்று சத்தமாகவே முடிவு செய்வாள். பின்னால் தள்ளுவண்டியோடு நிற்பவர்கள் இருமுவார்கள். அவள் பாட்டுக்கு அடுத்த அலமாரிக்கு நகர்ந்து, பல்பசைக்காக மறுபடி ஆரம்பிப்பாள்.

மாமியாரும் மச்சானும் சம்பந்தியும் நிஜ உறவுகள் அல்ல. இப்போது வாங்கிக்கொள், பிறகு கொடு என்று சொல்லும் மூன்று நிறுவனங்களுக்கு அவள் வைத்த பெயர்கள். நிஜப் பெயர்கள் எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும் வெளிநாட்டுப் பெயர்கள். ஸ்லிவென் நகரத்து நாக்குக்கு அவை வளையாது. அதனால் குணம் பார்த்து உறவுமுறை வைத்துவிட்டாள். யாம்போலில் இருக்கும் அவளுடைய நிஜ மாமியார் இதைக் கேள்விப்பட்டு மூன்று மாதம் தொலைபேசியை எடுக்கவில்லை. அதையும் வெலிச்கா லாபத்தில்தான் எழுதிக்கொண்டாள்.

"மாமியார் முப்பது நாள் குடுப்பா. வட்டி ஒரு சல்லி கிடையாது. ஆனா காலையில எட்டு மணிக்கு ஒரு செய்தி, மத்தியானம் ஒரு செய்தி, படுக்கும்போது ஒரு செய்தி. ஞாபகப்படுத்தியே கொன்னுடுவா. முப்பத்தொண்ணாம் நாள் வாயே திறக்க மாட்டா. அப்பதான் பயப்படணும், அன்னிக்கே அது வட்டிக் கடனா மாறியிருக்கும். மச்சான் வேற ஜாதி. நாலு பாகமாப் பிரிச்சுக்கோன்னு தோள்ல கை போட்டுச் சொல்லுவான், இல்லேன்னு சொல்லவே மாட்டான். ஒரு தவணை தப்பிச்சுன்னு வை, சீப்பு வாங்கியிருந்தாலும் பத்து லெவா தண்டம், ஃப்ரிட்ஜ் வாங்கியிருந்தாலும் பத்து லெவா தண்டம். சம்பந்தி இருக்காரே, அவர் பெரிய மனுஷன். ரெண்டு வருஷம்கூடப் பொறுப்பாரு. வட்டிங்கற வார்த்தையே அவர் வாயில வராது. 'சேவைக் கட்டணம்'னு சொல்லி மாசாமாசம் எடுத்துக்குவாரு. மரியாதையா எடுத்துக்குவாரு."

இந்த ஞானம் எல்லாம் அவளுக்கு வேலை செய்யும் இடத்தில் கிடைத்தது. சந்தைக்கு எதிரே, மருந்துக்கடையை ஒட்டி, கண்ணாடிக் கூண்டு ஒன்று இருக்கிறது. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி என்று எந்தப் பில்லையும் அங்கே கட்டலாம். பதினோரு வருடமாக வெலிச்கா அந்தக் கூண்டுக்குள். தவணை தப்பியவர்கள் எல்லாரும் கடைசியில் அந்தக் கண்ணாடி ஓட்டையில்தான் வந்து குனிவார்கள். யார் எதற்கு எவ்வளவு தண்டம் கட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே அவள் நிபுணி ஆனாள். தண்டம் கட்டும் ஒவ்வொருவரிடமும், "பாத்து வாங்கியிருக்கக் கூடாதா?" என்று ஒரு வார்த்தை சொல்லித்தான் ரசீது கொடுப்பாள். அந்த வார்த்தைக்குப் பயந்து சிலர் அடுத்த தெருக் கூண்டுக்குப் போவதாகக் கேள்வி.

அவளிடம் ஒரு கட்டம் போட்ட நோட்டு உண்டு. மகள் பிளமெனாவின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு நோட்டு. முன்பக்கம் சமன்பாடுகள், பின்பக்கம் மாமியார், மச்சான், சம்பந்தி. எத்தனை நாள், எவ்வளவு தண்டம், பொருளைத் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும், வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்வார்களா, கேட்டுவிட்டுப் பிடிப்பார்களா என்று தனித்தனிப் பத்தி. அரசாங்கத்து ஆடிட்டர் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. கூட்டல் என்ற ஒன்றுக்கு மட்டும் அதில் இடம் இல்லை. எந்தக் கடன் நல்லது என்று பக்கம் பக்கமாக எழுதியவள், எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று ஒரு கோடு இழுத்து அடியில் எழுதியதே கிடையாது.

வாங்கியதைத் திருப்பி அனுப்பப் பதினான்கு நாள் அவகாசம் என்பது அவளுக்கு வேதவாக்கு. ஆகவே வீட்டுக்கு வரும் எந்தப் பெட்டியையும் அவள் கிழிப்பதில்லை; தலைமுடி உலர்த்தியால் ஒட்டுநாடாவைச் சூடாக்கி, உரித்து, மடித்து வைப்பாள். பால்கனியில் காலிப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. அவள் கணவன் திரிஃபோன், நகரப் பேருந்து ஓட்டுபவன், சிகரெட் பிடிக்க நான்கு வருடமாகக் கீழே இறங்கிப் போகிறான். புதுச் செருப்பு என்றால் அடியில் ஒட்டுநாடா ஒட்டிக்கொண்டுதான் வெலிச்கா பதின்மூன்று நாள் நடப்பாள். புதுச் சட்டையின் விலைச்சீட்டு கைக்குள் மடிந்திருக்கும். கை தூக்கிப் பேசும்போது எட்டிப் பார்க்கும்.

மாலை ஆறு மணிக்குக் கட்டடத்து வாசல் பெஞ்சில் அவள் உட்கார்ந்தால் ஆலோசனை ஆரம்பம். அவளுடைய சித்தி மகள் ரத்கா ஒருநாள் இஸ்திரிப்பெட்டி வாங்க வழி கேட்டு வந்தாள்.

"எவ்வளவுடி?"

"எம்பத்தொம்பது லெவா, அக்கா."

"அப்ப மச்சான் பக்கமே போகாத. ஒரு தவணை தப்புனா பத்து லெவா. எம்பத்தொம்பதுக்குப் பத்துன்னா நீ இஸ்திரிப்பெட்டி வாங்கல, அவனுக்குச் சட்டை தேய்ச்சுக் குடுக்குற. மாமியார்கிட்ட வாங்கு. முப்பது நாளைக்குள்ள சம்பளம் வந்துடும்ல? முப்பத்தொண்ணாம் நாள் மட்டும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத. பிடிக்கலேன்னு திருப்பி அனுப்புனா, கடைக்காரன் 'வந்து சேந்துடுச்சு'ன்னு சொல்ற வரைக்கும் தவணை ஓடிக்கிட்டேதான் இருக்கும், ஞாபகம் வச்சுக்கோ. சேரும்போது என் எண்ணைப் போட மறந்துடாத."

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சூட்சுமம். அவள் எண்ணைப் போட்டு யார் சேர்ந்தாலும் அவளுடைய அடுத்த சாமானில் இருபது லெவா தள்ளுபடி. அப்படி இருபத்திரண்டு பேரைச் சேர்த்திருந்தாள். உறவில் பாதி, கட்டடத்தில் பாதி. அவள் சொல்லும் புத்தி ஒவ்வொன்றும் சரியானது, அதை மறுப்பதற்கில்லை. சுங்கானில் புகை விட்டுக்கொண்டு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் கன்சோ மட்டும் இருபத்திரண்டில் சேரவில்லை. ஐந்தாம் மாடிக்காரர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒடிசலான ஆள். கையிலே காசு, வாயிலே தோசை கட்சி.

"எல்லாம் சரி வெலிச்கா. மொத்தம் எவ்வளவு வருது?"

"எந்த மொத்தம், கன்சோ அண்ணே?"

"எல்லாத்தையும் கூட்டினா?"

"எதுக்குக் கூட்டணும்? மூணும் வேற வேற ஆளுங்க. அவங்களே ஒருத்தரை ஒருத்தர் கூட்டிப் பாக்கல, எனக்கு என்ன வந்துது?"

கன்சோ சுங்கானைத் தட்டிவிட்டு எழுந்து போவார். அவருக்கு ஒரு பழுப்புத் தோல் பர்ஸ் உண்டு. அதைத் திறந்து சில்லறை எண்ணும்போது கடையில் வரிசையே நின்றுவிடும். "அண்ணன் பர்ஸைத் திறந்தா உள்ள இருந்து ஓட்டோமான் காலத்து ஈ பறக்கும்" என்று வெலிச்கா ஐந்து வருடமாகச் சொல்லிவருகிறாள். ஒவ்வொரு தடவையும் பெஞ்சு சிரிக்கும்.

இத்தனை கேலிக்கு இடம் கொடுத்தவளிடம் ஓர் அப்பழுக்கற்ற இடம் இருந்தது. கட்டடத்தின் இரண்டாம் வாசலுக்கு, அதாவது எட்டு மாடி, இருபத்து நான்கு வீடுகளுக்கு, வெலிச்காதான் பொறுப்பாளர். படிக்கட்டு விளக்கு, கூட்டுபவளின் சம்பளம், கூரை ஒழுகல் எல்லாவற்றுக்கும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, செலவை மாதாமாதம் தபால் பெட்டிகளுக்கு மேல் ஒட்டிவைப்பாள். ஒன்பது வருடத்தில் ஒரு சல்லிக்காசு பிசகியதில்லை. பொதுப்பணத்தைத் தன் பணப்பையில் ஒரு நிமிடம்கூட வைத்ததில்லை. அதற்கென்று சமையலறை மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. பணம் கொடுப்பவர்கள் நோட்டின் ஓரத்தில் வீட்டு எண்ணை நீல மையில் எழுதித்தான் தர வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். "நாளைக்கு எவனும் நான் குடுத்தேன், நீ முழுங்கிட்டேன்னு சொல்லக் கூடாது பாரு."

பிப்ரவரியில் லிஃப்ட் மோட்டார் எரிந்துபோனது. அதே வாரம் பனியில் வழுக்கி விழுந்து கன்சோவின் இடுப்பெலும்பில் ஆணி அடித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அவரை இரண்டு பேர் நாற்காலியில் வைத்து ஐந்தாம் மாடிக்குத் தூக்கிப்போனார்கள், அதோடு சரி. மூன்று மாதமாக ஜன்னலிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கித்தான் ரொட்டி வாங்கினார். லிஃப்டுக்கு வீட்டுக்கு ஐம்பது லெவா என்று வெலிச்கா அறிவித்ததும், முதல் நோட்டு அந்தக் கூடையில்தான் இறங்கியது. ஓரத்தில் அழகான கையெழுத்தில் பதினைந்து. மற்ற வீடுகளைத் தட்டித் தட்டி அவள் மே மாதத்துக்குள் முழுதும் சேர்த்துவிட்டாள். ஆயிரத்து இருநூறு லெவா. திங்கட்கிழமை பத்து மணிக்கு லிஃப்ட்காரன் வருவான். பணத்தைக் கையில் வைத்தால்தான் கருவிப்பெட்டியைத் திறப்பேன் என்று சொல்லியிருந்தான்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பிளமெனாவின் பள்ளி நிறைவு விழா.

பள்ளி முடிக்கும் பெண்ணை அலங்கரித்து, வாசலில் மேளதாளத்தோடு வழியனுப்பாத வீடு எங்கள் ஊரில் இல்லை. கல்யாணத்துக்குக் கடன் வாங்காதவன்கூட இதற்கு வாங்குவான். வெலிச்கா இதற்காக மார்ச் மாதமே நோட்டைத் திறந்துவிட்டாள். உடை ஆயிரத்து நானூறு லெவா: மச்சான், நாலு பாகம். திறந்த கூரையுள்ள வெள்ளைக் கார் வாடகை: சம்பந்தி. இறைச்சி, சீஸ், பனித்சா அப்பம், ரக்கியாச் சாராயம்: மாமியார். மூன்றும் விழாவுக்குப் பிறகு செவ்வாய்க்கிழமை வந்து விழும்படி நாள் பார்த்து வாங்கியிருந்தாள். ஏனென்றால் வழியனுப்ப வருகிறவர்கள் உறையோடு வருவார்கள். நாற்பது விருந்தினர், ஆளுக்கு ஐம்பது, நெருங்கியவர் நூறு. வாத்தியக்காரர்களுக்கும் உறைப் பணம்தான். மச்சானுக்கும் மாமியாருக்கும் செவ்வாய்க்கிழமை. ஆனால் கிளாரினெட்டுக்கு அன்றைக்கே.

"கையில இருந்து ஒரு சல்லி போகாது, திரிஃபோன். எல்லாம் சுத்தி வந்து தானா அடையும்."

திரிஃபோன் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டிருந்தான். "உறையில காசு வச்சிருப்பாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றான்.

"பின்ன உறையில ஊறுகாயா வைப்பாங்க?"

ஐந்து மணிக்கு வாசலில் மேசைகள் போட்டாகிவிட்டது. கிளாரினெட், அக்கார்டியன், மேளம் என்று மூன்று பேர். கிளாரினெட்காரன் மெத்தோதி அந்த வட்டாரத்தில் பெரிய கை. அவன் ஊதினால் நொண்டியும் ஹோரோ ஆட்ட வட்டத்தில் சேர்வான் என்பார்கள். அன்றைக்கு அது பாதி உண்மையாகவே ஆயிற்று. கன்சோ ஐந்து மாடியையும் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, ஒன்றேகால் மணி நேரம் கழித்து, கோட்டின் பின்புறம் முழுக்கச் சுண்ணாம்போடு வாசலில் வந்து நின்றார். பிறந்ததிலிருந்து பார்த்த பெண்ணாயிற்றே. பர்ஸைத் திறந்து இருபது லெவா நோட்டு ஒன்றை எடுத்து வெலிச்காவின் கையில் வைத்தார்.

"பெருசா ஒண்ணும் இல்ல."

"எதுக்கு அண்ணே இந்தச் சிரமம்" என்று வாங்கிக்கொண்டாள். அன்று மாலை அவள் கைக்கு வந்த ஒரே ரொக்கம் அதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

முதலில் வந்தவள் ரத்கா. சக்கரம் வைத்த ஒரு பெரிய சிவப்புப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"சோஃபியாவுக்குப் படிக்கப் போறாள்ல, துணிமணி வைக்க. நூத்தறுவது லெவா, அக்கா! நீ சொன்ன மாதிரியே மாமியார்கிட்ட முப்பது நாள். கையில இருந்து ஒரு சல்லி போகல பாரு!"

வெலிச்கா அவளைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். அடுத்து கூண்டில் வேலை செய்யும் தோழி, நீலப் பெட்டி, மாமியார். அடுத்து திரிஃபோனின் தம்பி, சாம்பல் பெட்டி, சம்பந்தி, பன்னிரண்டு மாதம். முடி சுருட்டும் கருவி இரண்டு. தானாகக் கூட்டும் இயந்திரம் ஒன்று. மறுபடி பெட்டி. ஒவ்வொருவரும் அவள் காதருகே குனிந்து, எந்த உறவிடம் எத்தனை பாகம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பனித்சா மேசைக்குப் போனார்கள். கையில் காசு வைத்திருந்தால்தானே உறையில் போட? அந்தப் பழக்கத்தைத்தான் அவள் இருபத்திரண்டு பேருக்கும் விட வைத்திருந்தாளே. ஆறு மணிக்குள் வாசலில் ஏழு பெட்டிகள் வரிசையாக நின்றன. கட்டடமே வீடு காலி செய்துகொண்டு கிளம்புவது போல இருந்தது.

வெலிச்கா அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கட்டு மறைவுக்கு உருட்டிக்கொண்டு போனாள். ஜிப்பைத் திறந்து, உள்பையில் கைவிட்டுத் துழாவினாள். உறை ஏதாவது செருகி வைத்திருப்பார்கள் என்ற நப்பாசை. ஏழு பெட்டியிலிருந்தும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள்தான் வந்தன. கடையில் திருப்பிக் கொடுத்தாலும் ஒரு சல்லி அவள் கைக்கு வராது. வாங்கியவரின் கடனில்தான் கழியும். அது அவளைத் தவிர அந்த வாசலில் யாருக்கும் தெரியாது. தெரிந்த வித்தை அத்தனையும் திரண்டு வந்து அவள் கழுத்தையே பிடித்தது.

வெளியே கிளாரினெட் நின்றது. மேலே போய்ப் பெண்ணை அழைத்துவர வேண்டிய நேரம். மெத்தோதி அதற்கு முன் வெலிச்காவின் எதிரில் வந்து, வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"அக்கா, ஐநூறு. ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடின்னு பேச்சு."

"தம்பி, திங்கக்கிழமை அனுப்புறேன். கார்டுல போட்டுவிடட்டுமா?"

"கார்டைச் சொருக கிளாரினெட்டுல ஓட்டை இல்லீங்க."

"ரெண்டு பாகமா..."

"என் மூச்சு பாகம் பாகமா வராது அக்கா. வந்தா நான் ஆஸ்பத்திரியில இருக்கணும்."

மேளக்காரன் சிரித்தான். மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திரிஃபோன் இருபது பேரிடம் கைமாற்று கேட்டுப் பார்த்தான்; எல்லாரும் பையைத் தட்டிக் காட்டிக் கைப்பேசியை நீட்டினார்கள். ஒருவன், "மாமியார்கிட்ட கேட்டுப் பாக்கலாமா?" என்றான், கேலியாக அல்ல, உண்மையாகவே.

வெலிச்கா மூன்றாம் மாடிக்கு ஏறினாள். கூடத்துக் கண்ணாடி முன்னால் பிளமெனா மயில்நீல உடையில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா நாற்காலி மேல் ஏறி மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்குவதைக் கண்ணாடியிலேயே பார்த்தாள்.

"அம்மா, அது லிஃப்ட் பணம்."

"தெரியும். திங்கள் வரைக்கும்தான்."

"திங்கக்கிழமை எங்கிருந்து வரும்?"

வெலிச்கா நோட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

"வேண்டாம்மா. நான் பாட்டு இல்லாமலே இறங்கிப் போறேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வாயை மூடு. இந்த வாசல்ல எவ பொண்ணும் பாட்டு இல்லாம இறங்கினது கிடையாது. நான் பெத்தது மட்டும் திருடி மாதிரி இறங்கணுமா?" என்றாள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய் ஒட்டுகிறது என்று அவளுக்கே உறைத்தது. பத்து நோட்டை உருவிக்கொண்டு டப்பாவை மூடினாள்.

கீழே வந்தவள் பழைய வெலிச்காவாகவே வந்தாள். தலை நிமிர்ந்து, ஊர் பார்க்க, முதல் ஐம்பது லெவா நோட்டின் முதுகை நாக்கில் தொட்டு, மெத்தோதியின் நெற்றியில் பளாரென்று ஒட்டினாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கூட்டம் கைதட்டியது. அக்கார்டியன் மடிப்பில் இரண்டு, மேளத்தின் தோலில் ஒன்று, மெத்தோதியின் தொப்பிப் பட்டையில் ஆறு. கிளாரினெட் எக்காளமிட்டு மாடிக்கு ஏறிப் பெண்ணை இறக்கிக்கொண்டு வந்தது. வெலிச்கா செம்புப் பாத்திரத்துத் தண்ணீரைப் பூவோடு மகள் காலடியில் சாய்த்தாள். தண்ணீர் மாதிரி தடங்கலில்லாமல் ஓடட்டும் என்று வாழ்த்தினார்கள். ஹோரோ வட்டம் சுழன்றது.

வட்டம் வாத்தியக்காரர்களைச் சுற்றி வருகையில், ஆறாம் மாடி விதவை ஸ்டெஃப்கா மெத்தோதியின் நெற்றியைப் பார்த்தாள். நோட்டின் ஓரத்தில் நீல மையில் பதினைந்து. அக்கார்டியனில் ஒன்பது. மேளத்தின் மேல் பதினெட்டு. அது அவளுடைய சொந்தக் கையெழுத்து. பக்கத்துக் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். அந்தக் கை அடுத்த கையை அழுத்தியது. ஒரு சுற்று முடிவதற்குள் இரண்டாம் வாசல் முழுவதும் நோட்டுகளின் எண்களைத் தேடிப் படித்துவிட்டது. வெலிச்காவும் படித்தாள். எண் எழுதச் சொல்லிச் சட்டம் போட்ட கைதான் இப்போது வட்டத்தின் நடுவில் கைக்குட்டையை வீசிக்கொண்டிருந்தது.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எங்கள் ஊர். பெண் வழியனுப்பும் நேரத்தில் பெற்றவளை நிறுத்திக் கேட்கிற வழக்கம் இங்கே இல்லை. வெட்டுப் பழி இருந்தாலும் கார் திரும்புகிற வரைக்கும் ஆடித்தான் தீர்ப்பார்கள். ஆடினார்கள், கொஞ்சம் கூடுதலாகவே காலை ஓங்கி. வெள்ளைக் கார் வந்தது. பிளமெனா பின்னிருக்கையில் ஏறி நின்று தோழிகளோடு, முடித்த வகுப்புக்கு ஓர் எண்ணாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை தொண்டை கிழியக் கத்தினாள். கத்தும்போதே அம்மாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கார் மூலை திரும்பியது.

பாட்டு நின்றதும் நாற்காலி மடக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. மேசைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு குடும்பமாகப் படியேறியது. ஸ்டெஃப்கா மட்டும் வெலிச்காவைக் கடக்கும்போது ஒரு விநாடி நின்றாள்.

"நல்லா வாசிச்சான்டி. எங்க வீட்டுக் காசு இவ்வளவு இனிமையா ஊதும்னு எனக்கே தெரியாது."

ரத்கா முதலானவர்கள் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினார்கள். திரிஃபோன் ஏழு பெட்டிகளையும் இரண்டிரண்டாக மேலே தூக்கிப்போனான். வெலிச்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கும் ஓர் உரிமை வேண்டுமே என்று விழுங்கிக்கொண்டாள்.

படிக்கட்டின் முதல் படியில் கன்சோ உட்கார்ந்திருந்தார். இறங்கியது போல ஏற முடியாது. உட்கார்ந்தபடியே பின்பக்கமாகத் தன்னை உந்திப் பார்த்து, ஒரு படி ஏறி, வலியில் பல்லைக் கடித்துத் திரும்ப அதே படிக்குச் சறுக்கியிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"திங்கக்கிழமை லிஃப்ட்காரன் வரமாட்டான், இல்ல?" என்றார்.

வெலிச்கா கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நின்றாள். வேறு எதுவும் தெரியாதவள், தெரிந்ததைத்தான் சொன்னாள்.

"அண்ணே, அஞ்சு மாடியையும் மொத்தமா நினைக்காதீங்க. நாலு பாகமாப் பிரிச்சுக்கலாம். முதல் பாகம் இப்போ. அங்க கொஞ்சம் உக்காந்து..."

கன்சோ கையை நீட்டினார். பிடித்துக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று நினைத்து அவள் தன் கையைக் கொடுத்தாள். அவர் அதை மெதுவாக விலக்கிவிட்டு, கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பவர் போல உள்ளங்கையை மேல்பக்கமாகத் திருப்பி, நீட்டியபடி வைத்திருந்தார்.

அந்தக் கையை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக எறிந்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, நீட்டிய அந்தக் கையை இழுத்துத் தன் தோள் மேல் போட்டு, இன்னொரு கையால் அவர் தொடையைத் தாங்கி, முழங்காலில் ஊன்றி ஒரு முனகலோடு எழுந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவர், "இறக்கி விடு, மூச்சு வாங்கிக்கோ" என்றார். அவள் இறக்கவில்லை. மூன்றாம் மாடியில் அவள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அதைத் தாண்டியும் நிற்காமல் ஏறிக்கொண்டே போனாள்.